பல்பைப் பிடுங்குவது பழுது பார்ப்பது ஆகாது

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் வண்டியோடு சம்பந்தமில்லாத வீடு குறைவு. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை, டேங்கர். சொந்தமாக வண்டி இல்லாதவர் வீட்டிலும் ஓட்டுநரோ, கிளீனரோ, வெல்டரோ ஒருவர் இருப்பார். அப்படிப்பட்ட ஊரிலேயே டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூன்று வைத்தியம் வைத்திருக்கிறோம். ஒன்று, விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. இரண்டு, பல்பைப் பிடுங்குவது. மூன்று, விளக்கு அணையும்வரை ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவது.

இந்த மூன்றுமே பழுது பார்ப்பது ஆகாது. மூன்றாவதும்தான். அதில் செலவு மட்டும் கூடுதல்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ராசிபுரம் பக்கம் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஆசை ஆசையாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கினார். இளைஞர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த கார் அது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. வடிவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பானெட் மட்டும் திறக்காது. முன்பக்கம் மட்கார்டோடு முழுவதும் வாய் பிளந்த மாதிரி முன்னால் சாயும். இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த உடலை ஏற்றி, 1962ல் இங்கிலாந்தில் வெளியிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க இன்றும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ஆக, நம் வண்டலூர் ஹெரால்டு அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு. மின்சார வேலைகளும் பெரும்பாலும் ஒரே குடும்பம்.

அவர் காரில் வந்த பிரச்சினை இதுதான். இன்ஜின் ஓடும்போது, இரவில் பார்த்தால், சார்ஜ் விளக்கு மங்கலாகக் கனன்றுகொண்டே இருக்கும். முழுதாக எரிவதும் இல்லை, முழுதாக அணைவதும் இல்லை. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். கனல் போகவில்லை. இன்னொரு இடத்தில் டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங் செய்தார்கள். போகவில்லை. கட்-அவுட் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் ரெகுலேட்டர் பெட்டியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து மாற்றினார்கள். அதற்கும் போகவில்லை. கடைசியில் ஒருவர் சொன்னாராம்: "பழைய வண்டிங்க. அது அப்படித்தான் இருக்குமுங்க. பல்பை எடுத்துரலாமுங்களா?"

என்னிடம் வந்து, "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியாருதானே, இதுக்கு என்னங்க சார் காரணம்?" என்றார். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் விளக்கு எப்படி எரிகிறது என்பது முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியது. அதைக் கொஞ்சம் சொல்கிறேன். இது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

சார்ஜ் விளக்குக்கு நம் வீட்டு விளக்கு மாதிரி ஒரு பக்கம் கரண்ட், ஒரு பக்கம் எர்த் என்று நிரந்தரம் கிடையாது. அதன் ஒரு முனை சாவி ஸ்விட்ச் வழியாகப் பேட்டரியோடு சேர்கிறது. மறுமுனை டைனமோவோடு சேர்கிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை இன்னும் ஓட்டாத நேரத்தில், பேட்டரி பக்கம் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டைனமோ சும்மா நிற்பதால் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் முழுதாக இருப்பதால் விளக்கு நன்றாக எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கி டைனமோ உற்பத்தி செய்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 14 வோல்ட். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நடுவில் மின்னோட்டம் எதற்கு? விளக்கு அணைகிறது. ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு தொட்டிகளுக்கு நடுவே குழாய் போட்டால் தண்ணீர் ஓடுமா? அதே கணக்கு.

இப்போது மங்கலாக எரிகிறது என்றால் என்ன பொருள்? இரண்டு பக்கமும் சமமாக இல்லை. அவ்வளவுதான். எந்தப் பக்கம் குறைவு என்று விளக்கு சொல்லாது. டைனமோ குறைவாகக் கொடுத்தாலும் கனலும். டைனமோ சரியாகக் கொடுத்து, சாவி ஸ்விட்ச் பக்கம் எங்கோ வோல்டேஜ் வழியில் தொலைந்தாலும் கனலும். மூன்று பட்டறைகளும் முதல் சந்தேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பாகங்களை மாற்றின. இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உண்டு. லாரிகளுக்கு வயரிங் செய்தே தலை நரைத்தவர். அவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் பையில் இருந்து எடுத்தது ஒரு டெஸ்ட் லேம்பும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும்தான். முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் மீட்டரை வைக்கக் கூடாது என்றார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வைப்பரையும் போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொன்னார். கனல் கூடியது. "பாத்தீங்களா வாத்தியாரய்யா, சாவிக்கு அப்பறம் இருக்கற லோடு ஏற ஏற இது கூடுதுங்க. அப்ப கோளாறு சாவிகிட்டத்தானுங்க" என்றார்.

மீட்டர் அதையே சொன்னது. டைனமோ முனையில் 14. சாவி ஸ்விட்ச்சுக்கு உள்ளே வரும் பழுப்பு வயரில் 13.8. ஸ்விட்ச்சிலிருந்து வெளியே போகும் வெள்ளை வயரில் 11.8. இரண்டு அங்குல இடத்தில் 2 வோல்ட் காணாமல் போயிருந்தது. பின்னால் கைவிட்டுப் பார்த்தால், வெள்ளை வயர் சொருகும் கிளிப் தளர்ந்து, சூட்டில் கறுத்துப்போயிருந்தது. கிளிப்பை மாற்றி, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொருகினார். விளக்கு அணைந்தது. இன்ஜினுக்கு நெருப்புப்பொறி தரும் காயிலுக்கும் அதே வெள்ளை வயர்தான் போகிறது என்பதால், இரவில் வண்டி இழுக்காமல் திணறியதும் அதோடு நின்றது. பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டர் மூன்றும் நிரபராதிகள்.

பல்பைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கிளிப் இன்னும் சூடேறியிருக்கும். வயர் உறை உருகியிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால், பழைய துணியும் ரப்பரும் உள்ள இடத்தில், அதற்கு மேல் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டைனமோவுக்குப் பிறகு வந்த ஆல்டர்னேட்டர் வண்டிகள் பலவற்றில், அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. பல்ப் ஃபியூஸ் போனாலோ, பிடுங்கிவிட்டாலோ, இன்ஜினை நன்றாக முடுக்கும்வரை சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். அதாவது காவல்காரன் என்று நினைத்து நாம் வேலையைவிட்டு அனுப்பியவன், உண்மையில் வீட்டு விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தவன்.

எச்சரிக்கை விளக்கு எதுவானாலும், அது தன் மின்சுற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். ஆயில் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஆயில் அழுத்தம் இல்லாதபோது அது எர்த்தோடு சேர்ந்து விளக்கை எரியவிடும். அழுத்தம் ஏறினால் பிரிந்து அணைக்கும். அந்த வயர் உறை தேய்ந்து பாடியில் பட்டால், ஆயில் நிறைய இருந்தாலும் விளக்கு எரியும். அந்த வயர் கழன்று தொங்கினால், ஒரு சொட்டு ஆயில் இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது. இரண்டாவதுதான் ஆபத்து. எரியும் விளக்கையாவது திரும்பிப் பார்ப்போம். எரியாத விளக்கை யார் பார்ப்பார்கள்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28. ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறியது. அணு உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் உட்கார்ந்திருந்த அறையிலேயே ஒரு விளக்கைத் தவறாகப் படித்ததன் விலை அது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 1972 டிசம்பர் 29. மியாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாக இறங்கித்தான் இருந்தது. பல்புதான் ஃபியூஸ் போயிருந்தது. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கிலேயே மூழ்கிப்போனார்கள். விமானம் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் இழந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்புநிலத்தில் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள். ஒரு பல்பு. விளக்கை அலட்சியம் செய்யவும் கூடாது. விளக்கைப் பார்த்துக்கொண்டே சாலையை விட்டுவிடவும் கூடாது. முதலில் வண்டியை ஓரம் கட்டு, பிறகு விளக்கைப் பார். ஓட்டுநர் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். லாரிகளில் ஏர் பிரேக்குக்குக் காற்றழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். அந்த பஸ்ஸர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிகள் உண்டா இல்லையா என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. அங்கே பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை குடும்பங்களின் மேல் ஏறியிருக்கின்றன என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விபத்துகளுக்கு எல்லாம் விளக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதிக பாரம், தூக்கம், இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு ஓட்டுவது என்று பல காரணங்கள். ஆனால் அந்த இறக்கத்தில் வண்டி கடைசியாகக் கொடுக்கும் குரல் அந்த பஸ்ஸர். அதன் வாயை நாமே கட்டிவைத்திருக்கக் கூடாது.

ஓட்டுநர்கள் பக்கமும் நியாயம் உண்டு. "சார், அந்த விளக்கு எப்பப் பாத்தாலும் எரியுதுங்க. முதலாளிகிட்ட சொன்னா, வண்டி ஓடுதில்ல, ஓட்டுங்கறாரு. டிரிப் லேட்டானா எங்க பேட்டாதான் போகுதுங்க" என்பார்கள். உண்மை. அதனால்தான் சொல்கிறேன், பொய் சொல்லும் விளக்கைச் சரிசெய்வது, மெய் சொல்லும் விளக்கைக் கேட்பதற்குச் சமமான வேலை. தினமும் காரணமில்லாமல் எரியும் விளக்கு, ஓட்டுநரை அதை மதிக்காமல் இருக்கப் பழக்கிவிடுகிறது. புலி வருது கதை நமக்குத் தெரியாததா? லாரி உரிமையாளர்கள் இதை ஓட்டுநரின் குறையாக எண்ணாமல், டயருக்கும் ஆயிலுக்கும் ஒதுக்குவது போல இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஓர் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும், ஒரு வயரைத் தேடிப் பிடிக்க ஆகும் அரை நாள் கூலியையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

புது வண்டிகளில் இது இன்னும் சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்துவிட்டது. சென்சார்கள், யூரியா கரைசல், கம்ப்யூட்டர் பெட்டி. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் செருகி ஒரு கோடு எண்ணைப் படிக்கிறார்கள். அந்த எண் என்ன சொல்கிறது? "இந்தச் சுற்றில் அளவு சரியில்லை" என்று. சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா, எர்த் துருப்பிடித்ததா, எலி கடித்ததா என்று அது சொல்லாது. ஹெரால்டின் மங்கல் விளக்கு சொன்னதும் அவ்வளவுதான். ஆனால் எண்ணைப் பார்த்தவுடன் அந்தப் பெயருள்ள பாகத்தை மாற்றுகிறார்கள். விளக்கு மறுபடி எரிகிறது. அடுத்த பாகம். கருவி புதிது, பழக்கம் பழையது.

நம் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வயரிங் படமும், ஸ்கேனர் மென்பொருளும், அசல் உதிரிபாகமும் அவர்கள் கைக்கு எளிதில் வருவதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இதற்காகத்தான். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்லது. ஆனால் நாமக்கல்லில் ஒரு சின்னப் பட்டறை நடத்துபவருக்கு, தமிழில், அவர் முன்னால் நிற்கும் வண்டியின் வயரிங் படம் கிடைக்கும்போதுதான் அது உரிமை. அதுவரை அது அறிவிப்பு.

கடைசியாக, என் தொழில் பற்றி. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஓம் விதியை நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நாமக்கல் மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு டெஸ்ட் லேம்பைக் கையில் பிடித்திருக்கிறார்கள்? 13.8க்கும் 11.8க்கும் நடுவில் 2 வோல்ட் எங்கே போனது என்று தேடியிருக்கிறார்கள்? அந்த நாமக்கல் பெரியவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஓம் விதியின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அதைக் கையால் செய்து காட்டினார். அவரிடம் இப்போது தொழில் கற்க ஆள் இல்லை. அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

என் கோரிக்கை பெரியதல்ல. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துப் பட்டறையில் இருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பள்ளிக்கு அழையுங்கள். ஒரு பழைய பேட்டரி, ஒரு பல்ப், நாலு வயர், துருப்பிடித்த ஒரு கிளிப் போதும். எங்கே கோளாறு என்று பிள்ளைகளே தேடட்டும். ஐ.டி.ஐ.யில் பாகத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மதிப்பெண் கொடுப்பது போல, கழற்றாமலே கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலை வண்டியில் ஏறியதும் சாவியைத் திருப்புங்கள்; இன்ஜினை ஓட்டாதீர்கள். எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணுங்கள். ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு இரண்டும் எரிய வேண்டும். எரியாவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் காட்டுங்கள். பிறகு இன்ஜினை ஓட்டுங்கள். சில நொடிகளில் இரண்டும் அணைய வேண்டும். ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். முதலில் ஆயில் அளவைக் குச்சியில் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் "பல்புதான் கோளாறு" என்று ஓட்டிப் போகாதீர்கள். கையால் அளக்கும் அழுத்தமானி ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இதில் என்னைவிட அனுபவம் அதிகம். இப்படித் தேடிக் கண்டுபிடித்த கோளாறு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பாகத்தின் விலையை மட்டும் எழுதாமல், எங்கே ஆரம்பித்து எப்படித் தேடினீர்கள் என்று எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகம்.